எங்கட பெடியன்

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரியம்மா, அவருடைய மகளான அக்கா, நான், வெள்ளாங்குளத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த ஓர் இளைஞன். இல்லாதவர்கள் அதிகம். பெரியப்பா கடலில் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பெரியம்மாவின் மூத்த மகன் குடும்பத்தோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், அங்கே அகதி முகாமில் இருந்தார். இளைய மகனான சின்னண்ணை மீன் விற்கப் பள்ளிமுனைக்குப் போயிருந்தார். என் அம்மா, அந்த இளைஞனுடைய தாய்க்குச் சோறு கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ராத்தாவும் இல்லை. தீவில் இருந்த முஸ்லிம்களையெல்லாம் இயக்கம் வெளியேறச் சொன்ன நேரம் அவர் போனவர். அவர் வீட்டைப் பூட்டிய திறப்பு பெரியம்மாவின் அலுமாரியில், கோயிலுக்கு உடுக்கும் வெள்ளைச் சீலைகளுக்குக் கீழே இருந்தது.

இவர்களில் ஒருவராவது வீட்டில் நின்றிருந்தால் பெரியம்மாவின் வாயைப் பொத்தியிருப்பார்கள் என்று அக்கா பிறகு பல முறை சொன்னார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெரியம்மாவின் வாயை யாரும் பொத்தி நான் பார்த்ததில்லை.

பெரியம்மா என் அம்மாவின் மூத்த சகோதரி. என் அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் தாழ்வுபாட்டில் அவருடைய வீட்டில்தான் இருந்தோம். அவருக்கு அப்போது எழுபது வயது இருக்கும். சரியான வயது அவருக்கும் தெரியாது. பெரிய புயல் அடித்த வருடம் தனக்கு மூத்த மகன் பிறந்து நடக்கத் தொடங்கியிருந்தான் என்று சொல்வார். அதைவைத்து நாங்கள்தான் கணக்குப் போட வேண்டும்.

பெரியப்பா பாய்க்கட்டு வள்ளத்தில் போய்த் திரும்பாதபோது பெரியம்மாவுக்கு மூன்று பிள்ளைகள், கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. கரையில் ஆண்கள் நடத்துகிற கருவாட்டு வாடியை அவர் தன் பெயரில் நடத்தத் தொடங்கினார். வாடி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில், உப்புத் தொட்டி, மீன் காயப்போடும் பரண்கள். விடியுமுன் மீன் வெட்டக் குந்தினால் வெயில் ஏறும்வரை எழும்பமாட்டார். உப்பு அவருடைய விரல்களைத் தின்றிருந்தது. கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கக் கை நீட்டச் சொன்ன காலம் வந்தபோதும் அவர் வாயில்தான் வாங்கினார். "இந்தக் கையில ஆண்டவரை வைச்சா அவருக்கும் எரியும்" என்றார்.

அந்தக் கையால்தான் ஊருக்கே சமைத்தார். வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணி அவர் அரிசி போட்டதில்லை. எப்போதும் தேவைக்குமேல் ஒரு சுண்டு அளந்து போடுவார். படலையைத் திறந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, "சாப்பிட்டியளோ?" மின்சாரக் கட்டணம் எழுத வருகிறவர் எங்கள் வீட்டுக்கு மட்டும் மத்தியானத்தில் வந்தார். ஒருமுறை கோழி திருடியவனைப் பிடித்து இழுத்து வந்தார்கள். கோழி பெரியம்மாவுடையது. அவர் அவனிடமும் அதைத்தான் கேட்டார். அவன் "இல்லை" என்றான். பிடித்து வந்தவர்கள் அவன் சாப்பிட்டு முடியும்வரை வேலியோரம் காத்து நின்றார்கள்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. தன்னைவிட இளைய ஆண் எவனாக இருந்தாலும் அவருக்குப் பெடியன். வாடியில் வேலை செய்கிற அறுபது வயதுக்காரர் பெடியன். எங்கள் கோயில் பங்குக்குப் புதிதாக வந்த சுவாமி இளவயதுக்காரர். அவரை எல்லோர் முன்னாலும் "எங்கட சாமிப் பெடியன்" என்றார். அக்கா வெட்கத்தில் தலையில் போட்ட முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டார். சுவாமி மட்டும் சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரம்வரை படித்தது நான்தான் முதல். அப்போது ஊர்ப் பள்ளியில் தொண்டர் ஆசிரியராகத் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆகவே அந்தச் சொல்லைப் பற்றி நான் யோசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அந்த வருடங்களில் அதற்கு இரண்டு பொருள். ஒருமையில் சொன்னால் பையன். பன்மையில் சொன்னால் ஆமியோடு சண்டை பிடிக்கிற இயக்கம். "பெடியன் வந்தவன்" என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்திருக்கிறான். "பெடியள் வந்தவங்கள்" என்றால் கதவைச் சாத்த வேண்டும். எங்களில் யாருக்கும் இது குழம்பியதில்லை. ஆனால் தென்னிலங்கையிலிருந்து வந்து சென்றியில் காவல் நிற்கிற ஓர் ஆமிக்காரன் ஒருமை பன்மை படித்திருக்கமாட்டான்.

வெள்ளாங்குளத்து இளைஞனைப் பெரியம்மா ஆஸ்பத்திரி வாசலில் கண்டெடுத்தார். அவனுடைய குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து அங்கே குடியேறியது. குத்தகைக் காணியில் கச்சான் கடலையும் பயறும் போட்டார்கள். மற்ற நாட்களில் கூலி வேலை. தாய்க்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. பாஸ் எடுத்து, இயக்கத்தின் பக்கத்திலிருந்து ஆமியின் பக்கத்துக்குத் தாயைக் கூட்டி வந்திருந்தான். தீவில் அவனுக்குத் தெரிந்த ஒருவரும் இல்லை. பகலில் வாட்டுக்கு வெளியே நின்றான், இரவில் எங்கே படுத்தான் என்று சொல்லவில்லை. பெரியம்மா அங்கே பிள்ளை பெற்ற யாரோ ஒருத்தியைப் பார்க்கப் போனவர், திரும்பி வரும்போது அவனையும் கூட்டி வந்தார்.

"சாப்பிட்டியோ ராசா?"

"ஆச்சுங்க."

"என்னத்தச் சாப்பிட்டனி?"

"டீ குடிச்சேங்க."

"தேத்தண்ணி குடிச்சிட்டு ஆச்சுங்கவாம். இரு" என்று அக்காவைப் பார்த்துப் பானையைக் காட்டினார்.

ஊரில் வெளியாள் தங்கினால் சென்றியில் சொல்ல வேண்டும். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். பாஸைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரித் துண்டுக் கடுதாசியைப் பார்த்தார்கள், விட்டார்கள். அவன் காலையில் வாடியில் மீன் கழுவினான், பின்னேரம் தாயிடம் போனான். அவனுடைய பேச்சை அக்கா பகிடி பண்ணுவார். "வர்றேங்க போறேங்க எண்டு ஆருக்கு மரியாதை குடுக்கிறாய், கருவாட்டுக்கோ?" என்பார். அவன் "கருவாட்டுக்கும் சேத்துத்தாங்க" என்றான். அதற்குப் பிறகு அக்காவுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அன்று மத்தியானம் ரோந்து போன ஆமிக்காரர் படலையைத் திறந்து உள்ளே வந்தார்கள். வழமையாக வருகிறவர்கள் அல்ல, புதியவர்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒருவன் அவனைக் காட்டி, "இது யாரு?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

நான் எழும்பி வாய் திறப்பதற்குள் பெரியம்மா சொன்னார்.

"அவன் எங்கட பெடியன். வெள்ளாங்குளத்தில இருந்து வந்தவன். நீங்கள் சாப்பிட்டியளோ?"

மூன்று வசனம். முதலாவதில் அந்தச் சொல், இரண்டாவதில் மற்றப் பக்கத்து ஊர். மூன்றாவதை அவர்கள் கேட்கவில்லை. பாஸ் கொடியில் தொங்கிய அவனுடைய சேட்டுப் பையில் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துத் தங்கள் பையில் வைத்துக்கொண்டார்கள். சோற்றுக் கையோடு அவனை எழுப்பினார்கள்.

"கை கழுவட்டும்" என்றார் பெரியம்மா. செம்பைத் தூக்கிக்கொண்டு படலைவரை பின்னால் போனார். "தம்பி, கையையெண்டாலும் கழுவ விடுங்கோ."

விடவில்லை. அக்கா முற்றத்தில் நின்று தாயைப் பார்த்தார். "உங்கட வாய், அம்மா."

"நான் என்னடி சொன்னனான்?" என்று பெரியம்மா கேட்டார். உண்மையாகவே அவருக்கு அப்போது விளங்கவில்லை. நான்தான் விளங்கப்படுத்தினேன். கேட்டு முடித்துவிட்டு, அவன் விட்டுப்போன சோற்றுக் கோப்பையை எடுத்து நாய்க்குப் போடாமல், தானே உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டார். பிறகு எழும்பிச் சீலை மாற்றினார்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாயிடம் சொன்னது அவர்தான். என் அம்மா மறைக்கலாம் என்றார். கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறவளுக்கு ஏன் என்றார். பெரியம்மா கட்டிலில் இருந்து அந்த மனுசியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உன்ர மகனை ஆமி கொண்டுபோட்டுது. என்ர வாயாலதான் போனவன். எடுத்துத் தருவன்."

அந்தத் தாய், "அவன் சாப்பிட்டானுங்களா?" என்று கேட்டார்.

"பாதி" என்றார் பெரியம்மா.

அடுத்த நாள் காலை ஆமி முகாம் வாசலுக்கு நானும் பெரியம்மாவும் போனோம். அவர் கையில் புட்டும் பொரித்த மீனும் கட்டின பார்சல். ஓர் அதிகாரி வெளியே வந்தார். மொழிபெயர்க்க ஒருவர் நின்றார். நான் இரவு முழுக்க மனதில் எழுதி வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். வட்டாரவழக்கு, சொற்பொருள் என்று ஏதோ சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்கே நான் என்ன சொல்கிறேன் என்று பிடிபடவில்லை. அவர் என்னை விட்டுவிட்டுப் பெரியம்மாவிடம் நேராகக் கேட்டார்.

"அம்மா, நீங்கள் எங்கட பெடியன் எண்டு சொன்னீங்களா, இல்லையா?"

நான் அவருடைய முழங்கையைத் தொட்டேன்.

"ஏன் இடிக்கிறாய்? சொன்னனான்தானே" என்றார். பிறகு வாசலில் துவக்கோடு நின்ற இளம் ஆமிக்காரனைக் கைகாட்டினார். "இந்தா நிக்கிறானே, இவனும் எங்கட பெடியன்தான். எங்கட கரைச் சென்றியில நிக்கேக்க நாளாந்தம் வந்து தண்ணி குடிக்கிறவன். கேளுங்கோவன். நேற்று முந்தநாள் சுட்ட மீனும் திண்டவன்."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்வதா விடுவதா என்று தயங்கினார். பிறகு சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார். வாசலில் நின்றவன் நிலத்தைப் பார்த்தான். அவனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு அவனிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவன் நிமிர்ந்து நின்று ஒரு சொல்லில் பதில் சொன்னான். பெரியம்மா சொன்னதை அதிகாரி நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஆளை முதல் நாள் மாலையே வவுனியாச் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். போன கடுதாசியைத் திருப்பி எடுக்கத் தன்னால் முடியாது, சட்டத்தரணி பிடியுங்கள் என்றார். சாப்பாட்டுப் பார்சலைப் பெரியம்மா திருப்பிக் கொண்டுவரவில்லை. வாசலில் நின்றவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. மதில் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் கரைச் சென்றியில் அந்த ஆமிக்காரனைக் காணவில்லை. வேறொருவன் நின்றான். சென்றியை விட்டுப் போய்த் தண்ணீர் குடித்ததற்காக மாற்றிவிட்டார்கள் என்று வழமையாக அங்கே வெற்றிலை விற்கிறவர் சொன்னார். எங்கே மாற்றினார்கள் என்று பெரியம்மா கேட்டார். சண்டை நடக்கிற ஒரு பக்கத்தின் பேரை அவர் சொன்னார்.

பெடியன் என்ற சொல்லைப் பெரியம்மா பிறகு பாவித்து நான் கேட்டதில்லை. சுவாமி வந்தால் சுவாமி என்றார். வாடியில் வேலை செய்த அறுபது வயதுக்காரரை, அவருடைய முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பயந்துபோய், "என்னக்கா, என்னில ஏதும் கோபமோ?" என்று கேட்டார்.

இளைஞனுடைய தாய், ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி அனுப்ப, எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் இல்லாமல் வெள்ளாங்குளம் போகமாட்டேன் என்றார். வந்த மூன்றாம் நாளே வாடியில் வந்து குந்திவிட்டார். ஒரு கண்ணுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. தடவித் தடவி மீன் பிளந்தார்.

"எழும்பு. விருந்துக்கு வந்த நீ மீன் வெட்டுறியோ? ஊர் என்னைத்தான் காறித் துப்பும்."

"சும்மா ஒக்காந்து திங்க மாட்டேங்க."

"என்ர வீட்டில ஆரும் சும்மா இருந்து தின்னலாம்."

"அப்ப நீங்க ஏங்க வெட்டுறீங்க? நீங்களும் சும்மா ஒக்காருங்க."

பெரியம்மாவுக்கு அப்படிப் பதில் சொன்ன ஆளை நான் அதுவரை கண்டதில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குந்தி, யார் முதல் எழும்புவது என்று பார்ப்பவர்கள்போல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

வவுனியாவுக்கு நான் போனேன். பெரியம்மாவும் வந்தார், பஸ்ஸில் இறங்கி ஏறி, ஒவ்வொரு சோதனையிலும் பையைக் கொட்டிக் காட்டி. முதலில் ஒருவர், தனக்கு உள்ளே ஆட்களைத் தெரியும், எடுத்துத் தருகிறேன் என்றார். அவரிடம் கொடுத்த காசு போனது, அவரும் போனார். அந்தக் காசு பெரியம்மாவின் ஒரு கைக் காப்பு. பிறகு ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். அவர் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் காசு வாங்கினார், ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் வந்தார். இளைஞன் மெலிந்திருந்தான். பெரியம்மாவைக் கண்டதும், "அம்மா எப்படிங்க?" என்றான். "உன்ர கொம்மா என்னோட சண்டை. கெதியா வா" என்றார்.

மற்றக் காப்பும் முடிந்தபோது வீட்டில் மிச்சம் இருந்தது வள்ளத்தின் எஞ்சின். எட்டுக் குதிரை வலு. அதற்குமேல் வைத்திருக்க ஆமி விடாது. அதுதான் எங்கள் எல்லோருக்கும் சோறு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பெரியம்மா அதை விற்கிற கதையை எடுத்தார்.

சின்னண்ணை சத்தம் போடுகிறவர் அல்ல. "எஞ்சினை வித்துப்போட்டு நான் என்ன, வாயால ஊதியோ வள்ளம் விடுறது?" என்றார்.

"கொப்பா பாயிலதான் போனவர்."

"பாயில போய்த்தானே வரேல்ல."

அக்கா சோறு போட்ட அகப்பையோடு அப்படியே நின்றார். அந்த வீட்டில் அதை யாரும் அதுவரை வாயால் சொன்னதில்லை. பெரியம்மா மகனைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "அவனுக்குக் குழம்பு விடு" என்றார். சின்னண்ணை சாப்பிட்டார். இளைஞனுடைய தாய் குசினிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அன்று அவர் சாப்பிட வரவில்லை, பெரியம்மா கொண்டுபோய்க் கொடுத்தார்.

விடிய எழும்பிப் பார்த்தபோது சின்னண்ணை எஞ்சினைத் தானே கழற்றி, துடைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டிருந்தார். "நீ பிடி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். இருவரும் உருட்டிக்கொண்டு போய் விற்றோம். அந்தச் சோளகக் காற்றுக் காலம் முழுக்க அவர் துடுப்புப் போட்டுக் கரையோரத்தில் மட்டும் வலை விட்டார். பாய் கட்டவில்லை. பெரியம்மாவும் கட்டச் சொல்லவில்லை. வந்த மீன் குறைவு, பரண்கள் பாதி வெறுமையாகக் கிடந்தன. அப்போதும் அரிசியில் ஒரு சுண்டு கூடத்தான் போட்டார்.

காசு என் கையால் போய் வந்ததால் கணக்கு என் தலைக்குள் இருந்தது. ஒருநாள் வவுனியாவிலிருந்து வரும் பஸ்ஸில் இதுவரை எவ்வளவு காசு முடிந்தது என்று சொல்லப் போனேன். பெரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"எவ்வளவெண்டு எனக்குச் சொல்லாத. சொன்னா, அவன் வந்து சாப்பிடேக்க எனக்கு அது ஞாபகம் வரும்."

வாடைக் காற்று தொடங்கிய பிறகு அவனை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நெடுநேரம் குளித்தான். தாய் கட்டு அவிழ்த்த கண்ணால் அவனைக் கிட்ட வைத்துப் பார்த்தார். அன்று மத்தியானம் பெரியம்மா அவனுக்குக் கோப்பை வைத்தபோது செம்பையும் பக்கத்தில் வைத்தார். அவன் சாப்பிட்டு எழும்பும்போது சிரித்துக்கொண்டு, "கை கழுவிட்டு வர்றேங்க" என்றான். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

தாயும் மகனும் வெள்ளாங்குளம் போன பிறகு, பாதை திறந்திருக்கும் காலமெல்லாம் யாராவது ஒருவர் கையில் ஒரு பூசணிக்காய் வரும், இல்லாவிட்டால் ஒரு பை கச்சான். பெரியம்மா பதிலுக்குக் கட்டா மீன் கருவாடு அனுப்புவார். சின்னண்ணை மூன்று சோளகம் கழித்து வேறொரு எஞ்சின் வாங்கினார். மூத்த மகன் திரும்பி வரவில்லை. ராத்தாவுடைய திறப்பு அலுமாரியில்தான் இருந்தது. பெரியம்மா வருடத்துக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் பூசினார்.

சண்டை நின்று பாதை திறந்திருந்த கொஞ்சக் காலத்தில் பெரியம்மா இறந்தார். காலையில் மீன் வெட்டினார். மத்தியானம் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று படுத்தார். தனக்குப் பசியில்லை என்று அவர் சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான். அடக்கம் செய்த சேமக்காலையில் இடம் போதாமல் சனம் றோட்டில் நின்றது. மின்சாரக் கட்டணக்காரர் வந்திருந்தார். கோழி திருடியவன் வந்திருந்தான், அவனுக்கு அப்போது பேரப்பிள்ளை இருந்தது.

வெள்ளாங்குளத்திலிருந்து அவன் பஸ்ஸில் வந்தான். தாய் இறந்துவிட்டதாகச் சொன்னான். அடக்கம் முடிந்து வீடு வந்ததும் குசினிக்குள் போனவன் வெளியே வரவில்லை. வந்த சனத்துக்கெல்லாம் அவன்தான் சோறு போட்டான். "சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டான். எல்லோரும் போன பிறகு கிணற்றடியில் பெரிய பானைகளைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.

"அண்ணே, என்னைய வெளிய எடுக்க எவ்வளவு ஆச்சுங்க? பெரியம்மாகிட்ட எத்தனையோ வாட்டி கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க."

"அவவுக்கு உண்மையாத் தெரியாது" என்றேன்.

அவன் பானையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

"அறுபத்தோராயிரத்து எழுநூற்றைம்பது ரூபா" என்றேன். "சோறு சேர்க்கேல்ல."